வெற்றுத்தாளில் கைநாட்டு!

இரண்டாம் ஷிப்ட் முடிந்து மில் தொழிலாளி ஒருவர் வீட்டுக்குப் போகிறார். குழந்தைக்குக் காய்ச்சல். வழியில் மருந்துக் கடையில் ஏறுகிறார். கடைப் பெண் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுக் கேட்கிறாள்:

"அண்ணே, போன் நம்பர் சொல்லுங்க."

"காய்ச்சல் மாத்திரைக்குப் போன் நம்பர் எதுக்கும்மா?"

"நம்பர் போட்டாத்தாண்ணே பில் வரும். பத்து ரூபா தள்ளுபடியும் உண்டு."

அவர் சொல்லிவிடுகிறார். பத்து ரூபாய் என்றால் ஒரு வேளை டீச் செலவு. ஏன் விட வேண்டும்?

தோழர்களே, அந்தப் பத்து ரூபாயை யார் கொடுத்தது? எதற்காகக் கொடுத்தது? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

அன்று இரவு அந்த நம்பருக்கு நேராக ஒரு கணக்கு எழுதப்பட்டது. இன்ன நம்பர்க்காரர், இன்ன தேதியில், இன்ன மருந்து வாங்கினார். அடுத்த மாதம் சர்க்கரை மாத்திரை வாங்கினால் அதுவும் அதே பக்கத்தில் ஏறும். மனைவிக்கு வாங்கும் மருந்தும் ஏறும். அந்தக் கணக்கு அந்தக் கடையோடு நிற்க வேண்டும் என்பதில்லை. எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் அது உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று நம் தொழிலாளிக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல ஆளில்லை.

நம் பாட்டன்மார் இதை ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கும் விதைநெல்லுக்கும் கடன் கேட்டுப் போனவனிடம் லேவாதேவிக்காரன் வெற்றுப் புரோநோட்டை நீட்டினான். பெருவிரலை மையில் தோய்த்து வைக்கச் சொன்னான். தொகையைப் பின்னால் அவனே எழுதிக்கொண்டான். கோர்ட்டில் போய் நின்றால், "உன் கைநாட்டுத்தானே? நீ சம்மதித்துத்தானே வைத்தாய்?" என்று கேட்டார்கள்.

இன்று போனில் ஒரு ஆப்பைத் திறந்தால் பக்கம் பக்கமாக இங்கிலீஷில் எதையோ காட்டுகிறது. அடியில் ஒரு பொத்தான்: "சம்மதிக்கிறேன்." அதை அமுக்கினால்தான் மேலே போகலாம். அமுக்காவிட்டால் ஆப் இல்லை, பணம் அனுப்ப முடியாது, வேலைக்குப் பதிய முடியாது. தாள் மாறியிருக்கிறது, மை மாறியிருக்கிறது. வைக்கிற விரல் அதே உழைப்பாளியின் விரல்தான்!

இனாமா, வியாபாரமா?

"பேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் நாம் காசு கொடுக்கிறதில்லையே, இனாம்தானே?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இனாமாகக் கொடுக்கிற அந்த முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்போம்.

இந்த இரண்டுக்கும் சொந்தக்காரரான மெட்டா கம்பெனியின் 2024ஆம் வருஷ வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் 16,000 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. விளம்பரக்காரன் எதற்காக இவ்வளவு கொட்டிக் கொடுக்கிறான்? யாருக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள், யாருக்கு மூட்டுவலி, யார் கடனுக்கு அலைகிறார், யார் வேலை தேடுகிறார் என்று ஆள் பார்த்துக் கடை விரிக்கலாம் என்பதற்காகத்தான். பேஸ்புக்கில் நாம் பார்த்ததும், நின்றதும், விரும்பியதும், தேடியதும் அதற்கான சரக்கு. மில்லில் எட்டு மணி நேரம் நம் உழைப்பில் லாபம் எடுக்கிறார்கள். வெளியே வந்தால் மிச்ச நேரத்திலும் லாபம் எடுக்கிறார்கள். இதற்கு இனாம் என்று பெயர்! தூண்டிலில் கோத்த புழுவும் மீனுக்கு இனாம்தான்.

ஒருவர் அமுக்கினால் ஊரே மாட்டும்

"என் விஷயம் தெரிந்தால் தெரியட்டும், நான் யார் பெரிய மனுஷன்?" என்று அலட்சியமாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. இது அவரவர் சொந்த விஷயமாக நின்றால் நாமும் சும்மா இருந்துவிடலாம். நிற்பதில்லையே!

2018 மார்ச்சில் உலகம் முழுவதும் நாறிய ஒரு விவகாரம் உண்டு. பேஸ்புக்கில் "உங்கள் குணம் என்ன?" என்பது போன்ற கேள்வி-பதில் ஆப் ஒன்றை ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம் பேர் அமுக்கினார்கள். அது அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் சேர்த்து வாரிக்கொண்டது. மொத்தம் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை சிக்கியிருக்கலாம் என்று பேஸ்புக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. நம் தேசத்தில் மட்டும் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர் வரை. அந்தச் சரக்கு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் வியாபாரக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. பேஸ்புக்குக்கு அமெரிக்க சர்க்கார் 2019இல் 500 கோடி டாலர் அபராதம் போட்டது. மாட்டிக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எதையும் அமுக்காதவர்கள். அவர்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் அமுக்கினார், அவ்வளவுதான்.

தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். கடன் ஆப்பைப் பாருங்கள். அவசரத்துக்கு ஐயாயிரம் வேண்டும். பேங்கில் ஏறினால் சம்பளச் சீட்டுக் கேட்கிறான். ஆப்போ ஐந்து நிமிஷத்தில் தருகிறேன் என்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறது: போனில் உள்ள பெயர், நம்பர்களையும் படங்களையும் பார்க்க அனுமதி. அமுக்கினால் பிடித்தம் போக மிச்சம் கைக்கு வருகிறது. ஏழாம் நாள் தவணை. தவறினால் மாமனாருக்குப் போன், மேஸ்திரிக்குப் போன், மகளின் வாத்தியாருக்குப் போன். "இவன் திருடன், நீ சொல்லிக் கட்டச் சொல்" என்று வசை. படத்தை ஆபாசமாக ஒட்டு வேலை செய்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறான். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு.

ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021இல் தேடிப் பார்த்தபோது சுமார் 1,100 கடன் ஆப்கள் புழங்குவதும், அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்பதும் தெரிந்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது: கடன் ஆப்கள் போனில் உள்ள நம்பர் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று. அதற்குள் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது! சட்டத்துக்கு வெளியே நிற்பவனோ இந்த உத்தரவைப் படிக்கிறவனில்லை.

ஒன்றை யோசியுங்கள். அந்த நம்பர் பட்டியலில் இருக்கிறவர்கள் யார்? பக்கத்துத் தறிக்காரர். சங்கச் செயலாளர். போன மாதம் வாயிற் கூட்டத்தில் பேசியவர். நம் போனில் இருப்பது நம்முடைய அந்தரங்கம் மட்டுமல்ல. நம்மை நம்பி நம்பரைக் கொடுத்த அத்தனை பேருடைய அந்தரங்கமும் அதில் இருக்கிறது.

முதலாளிக்குப் புதுக் கங்காணி

முன்பெல்லாம் வாயிற் கூட்டத்துக்கு யார் வந்தார், யார் கை தட்டினார் என்று தெரிந்துகொள்ள முதலாளி ஆள் வைக்க வேண்டும். அந்தக் கருங்காலிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவனை நாம் அடையாளம் கண்டுகொள்ளவும் முடியும். இப்போதோ வருகைப் பதிவு ஆப் என்று ஒன்றை நம் போனிலேயே ஏற்றச் சொல்லுகிறார்கள். "கார்டு வேண்டாம், க்யூ வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும், எவ்வளவு சௌகரியம்!" என்கிறார்கள். ஆள் எங்கே நிற்கிறான் என்று போன் சொல்லுமானால், ஷிப்ட் முடிந்த பிறகும் அது வாயை மூடிக்கொள்ளும் என்று யார் உத்தரவாதம் தருகிறார்கள்?

இது வீண் சந்தேகமில்லை. 2020 செப்டம்பரில் அமெரிக்காவில் அமேசான் கம்பெனி ஒரு வேலை விளம்பரம் வெளியிட்டது. தொழிலாளர் சங்கம் அமைப்பதால் வரும் "அபாயங்களை" மோப்பம் பிடிக்க ஆள் தேவை என்றது! எதிர்ப்பு எழுந்ததும், தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டது. அதே கம்பெனியின் பிரான்ஸ் தேசத்துக் கிட்டங்கிகளில், தொழிலாளி கையில் இருக்கிற ஸ்கேனர் எந்திரம் எத்தனை நிமிஷம் சும்மா இருந்தது என்று கணக்கு வைத்தார்கள். மிதமிஞ்சிய வேவு என்று பிரெஞ்சுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2023 டிசம்பரில் அபராதம் விதித்தது. வீட்டு வாசலில் சீக்கிரம் பொட்டலம் வந்து சேருவது வாங்குகிறவனுக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்காக மூத்திரம் போன நேரத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவன் தொழிலாளி!

நம் தேசத்தில் சண்டீகர் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் கையில் இடம் காட்டும் கடிகாரத்தைக் கட்டினார்கள். 2020இல் அந்தத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். மாட்டுக்குத்தான் கழுத்தில் மணி கட்டுவார்கள். சாக்கடை அள்ளும் மனிதன் கையில் ஏன் கட்டினார்கள்?

சௌகரியம் என்று வந்தது, கட்டாயம் ஆயிற்று

நகரத்துப் படித்தவன் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம். விவசாயத் தொழிலாளிக்கு அந்த வழியும் இல்லை.

ஆதார் வந்த கதை நினைவிருக்கிறதா? 2010 செப்டம்பரில் முதல் அட்டை கொடுத்தபோது, விருப்பமுள்ளவர் வாங்கிக்கொள்ளலாம், ஏழைக்குச் சௌகரியம் என்றார்கள். அட்டை இல்லை என்பதற்காக யாரும் கஷ்டப்படக் கூடாது என்று 2013 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. ஆனாலும் ரேஷனுக்கு ஆதார், காஸுக்கு ஆதார், பென்ஷனுக்கு ஆதார் என்று வளர்ந்துகொண்டே போயிற்று. 2018 செப்டம்பர் தீர்ப்பு பேங்குக் கணக்குக்கும் போன் நம்பருக்கும் ஆதாரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, "விருப்பத்தின் பேரில்" என்று சொல்லி அந்த வாசலை மறுபடி திறந்தார்கள். ரேஷனுக்கோ விடுதலையே இல்லை. அந்தத் தீர்ப்பே அதை அனுமதித்துவிட்டது.

கதிர் அறுத்தும், செங்கல் சுமந்தும், சுண்ணாம்பு குழைத்தும் தேய்ந்துபோன விரலை எந்திரத்தில் வைத்தால் "பொருந்தவில்லை" என்கிறது. ஆயுள் முழுவதும் உழைத்ததற்கு அடையாளமே தேய்ந்த ரேகை. அந்த ரேகையைக் காட்டி, "நீ நீயல்ல" என்று கிழவியைத் திருப்பி அனுப்புகிறார்கள்! எந்திரத்தில் விழுந்த ரேகைக்கும் காவல் இல்லை. பத்திரப் பதிவுத் தாள்களிலிருந்து கைரேகையை அச்செடுத்து, அதைக் கொண்டு ஏழைகளின் பேங்குக் கணக்கைத் துடைத்த கும்பல்களைப் பல மாநிலப் போலீசார் பிடித்திருக்கிறார்கள். சாவி களவு போனால் பூட்டை மாற்றலாம். விரல் களவு போனால் என்ன செய்வது?

நூறு நாள் வேலையில் என்ன நடந்தது? 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத் தலங்களிலும் தினம் இரண்டு வேளை தொழிலாளிகளைப் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும் என்றார்கள். சிக்னல் இல்லாத காட்டில் வெட்டிய மண்ணுக்குக் கூலி இல்லாமல் போயிற்று. வெயிலில், முந்தானை கலைந்த நிலையில் நின்ற பெண்களின் படங்கள் சர்க்கார் வலைத்தளத்தில் கிடந்தன. 2024 ஜனவரி முதல் ஆதார் வழியேதான் கூலி என்றார்கள். அட்டையில் ஓர் எழுத்து, பேங்கில் ஓர் எழுத்து என்றிருந்தவர்களின் கூலி சிக்கிக்கொண்டது. இவ்வளவும் ஊழலை ஒழிக்கவாம்! ஒழிந்ததா? படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய சர்க்காரின் இலாகாவே சுற்றறிக்கை விட்டது. திருடன் ஆப்பைத் தாண்டிப் போய்விட்டான். ஆப்பில் மாட்டிக்கொண்டவள் மண் சுமந்தவள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதில் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் உடல் அடையாளச் சோதனையைச் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

கைரேகை கேட்கும் சர்க்காரை மதுரைச் சீமை நன்றாக அறியும். வெள்ளையன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஜனங்கள் "ரேகைச் சட்டம்" என்றே சொன்னார்கள். ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளி என்று பதிந்து, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கச் சொன்னான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அன்றைய ரேகைப் பதிவும் இன்றைய ரேஷன் எந்திரமும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆளுகிறவன் கையில் சேர்ந்த குறிப்பு யார் மீது பாயும் என்பதை அந்த மண் ரத்தம் சிந்திப் படித்திருக்கிறது.

மடியில் கனம் யாருக்கு?

"மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு?" என்று உபதேசம் செய்கிறார்கள். இந்த உபதேசத்தைப் பணக்காரன் விஷயத்தில் கடைப்பிடித்தார்களா?

2015இல் சுப்ரீம் கோர்ட்டில் மத்திய சர்க்காரின் தலைமை வழக்கறிஞர் வாதாடினார்: அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே அல்ல என்று. அது ஆதார் வழக்கு. எதிரே நின்றவர்கள் சாதாரணப் பிரஜைகள். அதே சர்க்கார் 2018இல் தேர்தல் பத்திரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கட்சிகளுக்குக் கோடி கோடியாகப் பணம் கொடுக்கும் கம்பெனிகளின் பெயரை ஜனங்கள் அறியக் கூடாது என்றது. கொடுத்தவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டுமாம்! 2024 பிப்ரவரி 15ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் திட்டத்தை அரசியல் சட்ட விரோதம் என்று அடித்துத் தள்ளியது. கிழவியின் கைரேகைக்கு அந்தரங்கம் கிடையாது. கோடீஸ்வரன் செக்குக்கு அந்தரங்கம் உண்டு. இதென்ன நியாயம்?

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சர்க்கார் தான் விரும்பும் தன் இலாகாக்களுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதிக்கொண்டது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. கம்பெனிகள் முக்கியக் கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம்! அதே சட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சுருக்கும் ஒரு பிரிவும் இருக்கிறது. அது மட்டும் உடனே அமலுக்கு வந்தது. நம்மைப் பற்றி அவர்கள் அறிய வழி அகலம்; அவர்களைப் பற்றி நாம் அறிய வழி குறுகல்.

எந்திரத்தை உடைப்பதா?

இல்லை. திருப்பூரில் வேலை செய்யும் மகன் அனுப்பும் பணம் அந்த நிமிஷமே தாயின் கணக்கில் ஏறுவது நல்லதுதான். வளைகுடாவில் இருக்கும் புருஷன் முகத்தைக் குழந்தை போனில் பார்ப்பது நல்லதுதான். இந்தச் சௌகரியங்கள் உழைப்பாளிக்கு வேண்டும். பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க, பணம் எவ்வளவு, யாருக்கு என்று தெரிந்தால் போதும். நம் படங்களும், நாம் நிற்கும் இடமும், நம் உறவினர் நம்பரும் எதற்கு? தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்தார். நம் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லையே!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. ரேஷன், கூலி, பென்ஷன், ஆஸ்பத்திரி எதிலும் எந்திரம் மறுத்தது என்று ஆளைத் திருப்பக் கூடாது. நோட்டில் கையெழுத்தோ, அக்கம்பக்கத்துச் சாட்சியோ போதும் என்று ஆக்க வேண்டும்.

2. மில்லில் முகம், விரல் எடுக்கும் எந்திரமோ இடம் காட்டும் ஆப்போ சங்கத்துடன் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் வரக் கூடாது. எதற்கு, எத்தனை நாள், யார் பார்ப்பார் என்று அதில் எழுத வேண்டும். தொழிலாளியின் சொந்தப் போன் முதலாளியின் கங்காணி ஆகக் கூடாது.

3. சம்மதம் கேட்டால் தமிழில் கேட்க வேண்டும். புதிய சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. வேலைக்குத் தேவையில்லாத விவரத்துக்குச் சம்மதிக்காவிட்டால் சேவை இல்லை என்னும் மிரட்டல் ஒழிய வேண்டும்.

4. சர்க்கார் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட விலக்கை நீக்க வேண்டும். தகவல் அறியும் உரிமையைச் சுருக்கிய பிரிவு போக வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். எந்த ஆப் நம்பர் பட்டியலைக் கேட்கிறது என்று ஒருவருக்கொருவர் போனைப் பார்த்துச் சொல்லிக்கொடுங்கள். படித்த பிள்ளைகள் படிக்காத பெற்றோருக்கு அந்தப் பொத்தானுக்கு மேலே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லட்டும்.

மருந்துக் கடைத் தோழருக்கு ஒரு வார்த்தை. போன் நம்பர் கொடுத்தால்தான் ஆயிற்று என்று கடைக்காரர் அடம்பிடிப்பது முறையற்ற வியாபாரம் என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் இலாகா சொல்லியிருக்கிறது. அந்தக் கடைப் பெண்ணும் நம்மைப் போல ஒரு கூலிதான். அவளோடு சண்டை வேண்டாம். "நம்பர் வேண்டாம்மா, பில்லைப் போடு. முதலாளி கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். பின்னால் க்யூவில் நிற்பவர் காதிலும் அது விழட்டும். ஒருவர் சொன்னால் வம்புக்காரன் என்பார்கள். க்யூ முழுவதும் சொன்னால் கடைக்காரர் பில்லைப் போடுவார்.

எழுதியிருப்பதைப் படிக்காமல் விரலை வைக்காதே!

வெற்றுத்தாளில் கைநாட்டு இனி இல்லை!